அவன் மகள் கேட்கிறாள், என்னிடம் இருப்பது நாலே கதை

கடைசிபெஞ்ச்:

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் என் பள்ளித் தோழன் போய்விட்டான். மாரடைப்பு. 45 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச் நாங்கள். ஒரு இடத்தில் நிற்க மாட்டான் என்பதால் வகுப்பு முழுக்க அவனைப் 'பம்பரம்' என்றுதான் கூப்பிடும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

போன வாரம் அவன் மகளிடமிருந்து செய்தி வந்தது. 15 வயதுப் பெண். "மாமா, அப்பா ஸ்கூல்ல எப்படி இருப்பார்னு எழுதித் தர முடியுமா? எவ்வளவு நீளமா இருந்தாலும் பரவாயில்லை." கட்டாயம் எழுதுகிறேன் கண்ணு என்று உடனே பதில் போட்டுவிட்டேன். அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தேறவில்லை.

முகம் வருகிறது, குரல் வருகிறது, நினைத்த மாத்திரத்தில் சிரிப்பும் வருகிறது. ஆனால் கதை என்று எடுத்தால் நாலுதான். வாயைத் திறக்காமலேயே தூரத்தில் அடிக்கிற பள்ளி மணி மாதிரி சத்தம் எழுப்புவான். ஒரு நாள் அதை நம்பி கணக்கு சார் பத்து நிமிஷம் முன்னாலேயே சாக்பீஸை வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். இது ஒன்று. பந்தை எடுக்கச் சுவரேறிக் குதித்தவன், பந்தோடு யார் வீட்டு நாயையோ கூட்டிக்கொண்டு வந்தது இரண்டாவது. வரலாற்றுத் தேர்வில் விடை தெரியாமல் 'விடை அடுத்த பக்கத்தில்' என்று எழுதி, அடுத்த பக்கத்தில் 'முந்தைய பக்கத்தைப் பார்க்கவும்' என்று எழுதினான், அது மூன்றாவது. நாலாவது அவனுடைய மிமிக்ரி. தலைமையாசிரியர் நடை, கணக்கு சாரின் கனைப்பு, இரண்டு பெஞ்ச் முன்னால் இருந்த பையன் பாடம் வாசிப்பது, எல்லாம் செய்வான்.

இவ்வளவுதான். இந்த நாலையும் 30 வருஷமாக ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே நாலு கதைதான் வந்தது. அதிலும் மணிச் சத்தம் வாயாலா, காம்பஸ் பாக்ஸ் மூடியாலா என்று சண்டை. ஒருத்தன் மணி அடித்ததே தான்தான் என்கிறான்.

ஐந்து வருஷம் ஒட்டி உட்கார்ந்தவனைப் பற்றி நாலு துணுக்குதானா? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

மழைக்காகிதம்:

ஆழ்ந்த இரங்கல்கள் அண்ணா.

எனக்கும் இதே கதிதான். என் தோழி போய் ஆறு வருஷம். வருஷா வருஷம் ஃபேஸ்புக் அவள் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்லும். குடும்பத்தினர் தெரிவித்தால் அந்தக் கணக்கை நினைவுப் பக்கமாக மாற்றிவிடுவார்கள், அதற்கப்புறம் பிறந்தநாள் அறிவிப்பு வராது. தனக்குப் பிறகு தன் பக்கத்தை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாமே முன்கூட்டிக் குறித்து வைக்கிற வசதியையும் 2015-இல் கொண்டுவந்தார்கள். அவள் அக்காவிடம் சொல்லி மாற்றச் சொல்லலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். அந்த ஒரு நாளாவது அவள் பெயர் என் திரையில் வரட்டும் என்று விட்டுவிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான்.

கதை எனக்கும் அதிகம் இல்லை. அவள் சிரித்தால் தோளில் அடித்து அடித்துச் சிரிப்பாள். வலிக்கும். எழுத உட்கார்ந்தால் அது ஒன்றுதான் வருகிறது.

கணக்குப்புலி:

குழுவில் முதலில் கேட்டதுதான் தப்பு.

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வெல்டன், பெல்லிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997-இல் செய்த சோதனை பிரபலம். மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்து நினைவுபடுத்தச் சொன்னால் ஒரு தொகை வருகிறது. அதே அளவு ஆட்களைத் தனித்தனியாக எழுதவைத்து, ஒரே விஷயம் இரண்டு தடவை வந்தால் ஒன்றாக எண்ணிக் கூட்டினால், அதைவிட அதிகம் வருகிறது. காரணமும் புரியக்கூடியதுதான். ஒவ்வொருவர் மண்டையிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஒன்றைப் பிடித்து இன்னொன்று வரும். பக்கத்தில் ஒருத்தர் தன் கதையை ஆரம்பித்ததும் நம் வரிசை அறுந்துபோகும், அவர் பாதையிலேயே போய்விடுவோம். வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதுகிறவன்தான் எல்லோருக்கும் பாதை போடுகிறான்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போடுங்கள். "மணிக் கதை தெரியும், அதை விடு, வேறு என்ன?" என்று ஆரம்பியுங்கள்.

சும்மா_ஒருவன்:

நாலு கதை போதாதா? அதுவும் நல்ல கதைகள். முந்தைய பக்கத்தைப் பார்க்கவும், ஹா ஹா. என் பள்ளித் தோழர்களைப் பற்றி எனக்கு ஒன்றுகூட இல்லை. சின்னப் பெண், அப்பா ஜாலியான ஆள் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவாள். உட்கார்ந்து எழுதி அனுப்புங்கள் சார்.

தமிழய்யா_ஓய்வு:

தம்பி, நான் பள்ளியில் 34 ஆண்டு வேலை பார்த்தவன். துறுதுறுப்பான பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவர்களைத்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும், அவர்களைப் பற்றித்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அமைதியான பிள்ளை நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்போம். வாலுப் பையன் செய்கிற சேட்டையைப் பார்த்துச் சிரிக்கவும் திட்டவுமே நேரம் சரியாகிவிடும். நானும் அதைத்தான் செய்தேன்.

உங்கள் பதிவைப் படித்ததும் புறநானூற்றில் 243-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பாடியவர் இயற்பெயர் தெரியாது. பாட்டில் வரும் பூண் போட்ட கைத்தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயராகிவிட்டது. ஊன்றுகோலும் நடுக்கமும், இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல்லுமாய் இருக்கிற கிழவர், சின்ன வயதில் தோழர்களோடு ஆடியதை நினைக்கிறார். நீர்ப்பக்கம் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்கிறவர்கள் மலைக்கும்படி மடுவில் துடுமென்று குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு மேலே வருவாராம். ஆழம் வரைக்கும் போனேன் என்பதற்கு அந்த மணல்தான் சாட்சி. அந்தத் தோழர்களை ஒளிவுமறைவே தெரியாதவர்கள் என்கிறார். ஆனால் ஒருவர் பெயர்கூடப் பாட்டில் இல்லை. ஒருவரைப் பற்றியும் முழுக் கதை இல்லை. கிளை, தண்ணீர், கைப்பிடி மணல், அவ்வளவுதான்.

உங்களுக்கும் கதை வேண்டாம். மணலைத் தேடுங்கள்.

நடுநிசி:

இரங்கல்கள். ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு பெஞ்ச் முன்னால் இருந்த பையன் எப்படிப் பாடம் வாசிப்பான்?

கடைசிபெஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி.

நடுநிசி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவனுக்குத் திக்கும். 'ப'வில் ஆரம்பிக்கிற சொல் வந்தால் நின்றுவிடுவான். பம்பரம் அதை அப்படியே செய்து காட்டுவான், கழுத்து லேசாக இழுத்துக்கொள்வது வரைக்கும். நாங்கள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்போம். 30 வருஷமாக 'மிமிக்ரி' என்ற ஒரே சொல்லுக்குள் இதையும் போட்டு மூடி வைத்திருந்திருக்கிறேன். முதல் பதிவை எழுதும்போதுகூட உறைக்கவில்லை.

நடுநிசி:

நான் அந்தப் பையன் இல்லை, ஆனால் அந்த மாதிரிப் பையன். எங்கள் வகுப்பிலும் ஒரு பம்பரம் இருந்தான். அவனும் இப்போது இல்லை. அவன் போனபோது எல்லோரும் 'எப்போதும் சிரிக்கவைப்பவன்' என்று எழுதினார்கள். யாரை வைத்துச் சிரித்தோம் என்று ஒருத்தரும் எழுதவில்லை. நான் ஒரு கைகூப்பு இமோஜி போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவன்மேல் இப்போது கோபம் ஒன்றும் பெரிதாக இல்லை. சிரித்தவர்கள்மேல்தான் இருக்கிறது.

சும்மா_ஒருவன்:

போன மனுஷனைக் கூண்டில் ஏற்றுகிறீர்களே. 12 வயதுப் பையன் செய்தது. அப்பாவை இழந்த பெண்ணுக்கு இதைத்தான் எழுதி அனுப்பச் சொல்கிறீர்களா?

நடுநிசி:

அனுப்பச் சொல்லவில்லை. என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார், அதற்குத்தான் சொன்னேன். அவளுக்கு எதை அனுப்புவது என்பது வேறு விஷயம். ஆனால் ஒன்று, அவளுக்கு 15 வயது. 'ஜாலியான ஆள்' என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அது போதுமென்றால் கேட்டிருக்க மாட்டாள்.

மழைக்காகிதம்:

இரண்டு பேரும் சொல்வது சரியாகத்தான் படுகிறது எனக்கு.

அண்ணா, சேதி கேட்ட அன்றைக்கு நீங்கள் லீவு எடுத்தீர்களா?

கடைசிபெஞ்ச்:

இல்லை. காலையில் சேதி, பத்து மணிக்கு மீட்டிங். "யாரு, சொந்தமா?" என்று கேட்டார்கள். "இல்லை, ஸ்கூல் ஃப்ரெண்டு" என்றேன். "ஓ" என்றார்கள். மீட்டிங்கில் நான்தான் பேசவேண்டியிருந்தது, பேசினேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மழைக்காகிதம்:

அந்த 'ஓ'வுக்காகத்தான் கேட்டேன். கென்னத் டோக்கா என்பவர் 1989-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார். ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மனைவிக்கு, பிள்ளைக்கு, பெற்றவர்களுக்கு அழ உரிமை இருக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். தோழன், பழைய காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்றால் துக்கம் இருந்தாலும் அதற்கு இடமில்லை. லீவு இல்லை, ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இல்லை. நம்மிடம் யாரும் துக்கம் விசாரிக்காததால் நாமும் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாததால்தான் நாலு கதையோடு நின்றுவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். இந்தக் கடைசி வரி மட்டும் என் சொந்தச் சரக்கு, டோக்கா சொன்னதில்லை.

வேம்பு:

தாமதமாக வருகிறேன். ஒரு வழி சொல்கிறேன், முயன்று பாருங்கள்.

குற்ற வழக்குகளில் சாட்சிகளை விசாரிக்க ஃபிஷர், கைசல்மன் என்ற இருவர் 1980-களில் ஒரு முறையை உருவாக்கினார்கள். 'என்ன நடந்தது, சொல்' என்று நேரே கேட்டால் மனசு ஏற்கெனவே தயாராக இருக்கிற சுருக்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். அதனால் முதலில் ஆளை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், என்ன வாசனை, என்ன சத்தம், உடம்பு எப்படி இருந்தது. அப்புறம்தான் சம்பவம். கடைசியிலிருந்து பின்னோக்கியும் சொல்லச் சொல்வார்கள், வேறு ஒருவர் நின்ற இடத்திலிருந்து பார்க்கச் சொல்வார்கள்.

உங்கள் நண்பர் என்ன செய்தார் என்று தேடாதீர்கள். வகுப்புக்குள் நுழையுங்கள். உங்கள் பை எங்கே இருக்கிறது? ஜன்னல் எந்தப் பக்கம்? பெஞ்சில் கை வைத்தால் என்ன தட்டுப்படுகிறது? அவர் உங்களுக்கு எந்தப் பக்கம்?

ஒரு எச்சரிக்கை. இப்படி வருவதெல்லாம் உண்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஊகத்தை ஊகம் என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

சும்மா_ஒருவன்:

இறந்தவரைப் பற்றி நாலு வரி எழுதப் போலீஸ் விசாரணையா! சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வேம்பு:

மூட வேண்டாம். நீங்கள்தான் இந்த இழையில் கொஞ்சம் சிரிக்கவைக்கிறீர்கள்.

கடைசிபெஞ்ச்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கணக்குப்புலி சொன்னபடி ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஆறு பேர். குழுவில் வாய் திறக்காத ஒருத்திதான் அதிகம் சொன்னாள். பம்பரம் எதையும் கடன் வாங்கினால் அதைவிடச் சின்னதாகத் திருப்பித் தருவானாம். ரப்பர் வாங்கினால் பாதி ரப்பர், பென்சில் வாங்கினால் கட்டைப் பென்சில். "ஆனா மறக்காம திருப்பித் தருவான்" என்றாள். இன்னொருத்தன், பம்பரம் இருட்டுக்குப் பயப்படுவான் என்றான். எனக்கு அது தெரியவே தெரியாது. சாயங்காலம் பயிற்சி முடிந்து திரும்பும்போது அவன் ஓயாமல் பாட்டுப் பாடிக்கொண்டு வருவது கொண்டாட்டத்தில் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

ஏழாவது போனுக்கு நாலு நாள் ஆனது. யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. எண்ணை வாங்கிவிட்டேன், அழுத்த முடியவில்லை. கடைசியில் போட்டேன். நன்றாகப் பேசினான். இப்போதும் சில இடங்களில் நிற்கிறான், நிதானமாகக் காத்திருந்து தொடர்கிறான். நான் சுற்றி வளைத்து ஏதோ சொல்ல வந்தேன். அவனே, "அவன் என்னை மாதிரி செஞ்சு காட்டுவானே, அதுக்காகவா கூப்பிட்ட?" என்று கேட்டுவிட்டான். ஆமாம் என்றேன். "அது எனக்கு மறக்கல. மன்னிச்சுட்டேன்னும் சொல்ல மாட்டேன்," என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

அப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மணிக் கதைய எல்லாரும் சொல்றீங்களே, அன்னைக்கு என்ன நடந்துட்டு இருந்ததுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? சார் ஒவ்வொருத்தரா எழுப்பி, தேற்றத்தை வாசிச்சு விளக்கச் சொல்லிட்டு இருந்தார். எனக்கு முன்னால இருந்தவன் முடிச்சுட்டான். அடுத்தது நான். எழுந்துட்டேன். அப்பதான் மணி அடிச்சுது."

எனக்குச் சத்தியமாக அது ஞாபகம் இல்லை. சார் கிளம்பிப் போன முதுகுதான் ஞாபகம்.

"எனக்காகத்தான் அடிச்சானா, சும்மா வாலுத்தனமா, தெரியாது. கேட்கணும்னு ரொம்ப வருஷமா நினைச்சிருந்தேன்," என்றான். அவ்வளவுதான் பேசினோம். வைக்கும்போது, "அந்தப் பொண்ணுக்கு ரெண்டையும் எழுது," என்றான்.

தமிழய்யா_ஓய்வு:

தம்பி, கண் கலங்கிவிட்டது.

கணக்குப்புலி:

கல்லைத் தூக்கிப் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். தற்செயலாகத்தான் இருக்கும். பத்து நிமிஷம் மிச்சம், போரடித்தது, அடித்தான். அந்த நேரத்தில் எழுந்து நின்றவருக்கு அது தனக்காக அடித்த மணி. வேறு யாராவது எழுந்திருந்தால் அவருக்கு. இதை 'உள்ளுக்குள் தங்கமான மனசு' என்று மாற்றிவிடாதீர்கள்.

நடுநிசி:

கணக்குப்புலியோடு ஒத்துப்போகிறேன், ஆச்சரியம்தான். தெரியாது என்றே எழுதுங்கள். என் வகுப்புப் பம்பரத்திடம் நானும் ஒன்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மழைக்காகிதம்:

அவளுக்கு எழுதிவிட்டீர்களா அண்ணா?

கடைசிபெஞ்ச்:

எழுதிவிட்டேன். பதினொரு பக்கம் வந்தது. திக்கலையும் எழுதினேன், மணியையும் எழுதினேன், எது தெரியும் எது தெரியாது என்றும் எழுதினேன். நாய்க் கதையைச் சுருக்கிவிட்டேன், சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அனுப்பிவிட்டு இரண்டு நாள் போனைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நேற்று பதில் வந்தது. திக்கலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்பா ரூமில் விளக்கை அணைக்கவே விட மாட்டார், கரண்ட் பில் வருது என்று அம்மா திட்டுவாள், இதுதானா காரணம் என்று எழுதியிருந்தாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. "பெஞ்ச்ல நீங்க எந்தப் பக்கம், அப்பா எந்தப் பக்கம் மாமா?"

பதினொரு பக்கத்தில் அதை எழுதவில்லை. வேம்பு கேட்டிருந்த கேள்விதான். அப்போது ஜன்னல் வந்தது, பெஞ்சில் யாரோ காம்பஸ் முனையால் தோண்டிய பள்ளம் வந்தது, பக்கம் மட்டும் பிடிபடவில்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, சும்மா எழுதுகிற மாதிரி உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. நாலு வரி எழுதியதும் வலது முழங்கையைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் யாரும் இல்லை, இடிக்க ஒன்றும் இல்லை.

அவன் இடதுகைக்காரன். உள்ளங்கை ஓரம் எப்போதும் நீல மையாக இருக்கும், எழுதினதையெல்லாம் அதே கை துடைத்துக்கொண்டே போகும். அவன் இடது முழங்கையும் என் வலது முழங்கையும் ஐந்து வருஷம் முட்டிக்கொண்டே இருந்தன. "தள்ளுடா" "நீ தள்ளுடா" என்பதைத்தான் நாங்கள் அந்தப் பள்ளியில் அதிகம் பேசியிருப்போம். இடம் மாற்றி உட்கார்ந்தால் இடிக்காது என்று இரண்டு பேருக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்பா எனக்கு வலப்பக்கம் என்று அவளுக்கு எழுதினேன்.